எழுத்துக்கு எட்டு யூரோ

என் கூலி எழுத்துக்கு எட்டு யூரோ.
கறுப்புக் கிரானைட் என்றால் ஒன்பது.
ஆஷன்பிரென்னர் என்று எங்கள் ஊர் எழுத்தில் வெட்டப்
பதின்மூன்று எழுத்து பிடிக்கும்.
ஏழை வீட்டுக்கு எதற்கு இத்தனை நீளப் பெயர்
என்பார், எனக்கு முன் இந்தப் பட்டறையை வைத்திருந்தவர்.

சாம்பல் எரிப்பவன். பொருள் அவ்வளவுதான்.
மரம் எரிப்பவன் என்று சொல்லியிருக்கலாம்;
ஆனால் கண்ணாடிச் சூளைக்காரன் கேட்டது மரத்தை அல்ல,
தீயை அல்ல, மிச்சத்தை.
பீச் மரம் வண்டி வண்டியாய் எரித்து
சாம்பலைத் தொட்டியில் கரைத்து, வடித்து, காய்ச்சினால்
அடியில் ஒரு தொப்பி அளவு உப்பு.
அது விழுந்தால்தான் மணல் உருகும்,
ஆயரின் ஜன்னலுக்கு வெளிச்சம் வரும்.
இந்தக் காடு தீர்ந்தால் அடுத்த காடு.
மலைக்கு அந்தப் பக்கம் போஹீமியாவிலும்
அவனை அதே பெயர் சொல்லித்தான் திட்டினார்கள்.

தொழிலே ஓரிடத்தில் நிற்கவில்லை,
பெயர் எங்கே நிற்கும்?

விஸ்கான்சினிலிருந்து வெர்லின் ஆஷ்பர்ன் வந்தார், ஒரு கோடையில்.
முதல் போரின்போது ஓர் இரவு
அவர்கள் மாட்டுக்கொட்டகைக் கதவில்
யாரோ மஞ்சள் சாயம் பூசிவிட்டுப் போனார்களாம்.
திங்கட்கிழமை வங்கியில் கையெழுத்து
ஏழு எழுத்தோடு முடிந்துவிட்டது.
"எங்களுக்கு நஷ்டம்" என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிரேசிலிலிருந்து ஒரு பல் மருத்துவர், ஜந்தீரா.
அவள் பெயரில் எக்ஸ் இருந்தது.
துறைமுகத்தில் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான்,
காதுக்கு எழுத்துப்பிழை தெரியுமா?
எக்ஸ் வெட்டுவது சுலபம், சாய்வாக இரண்டு கோடு.
எங்கள் கல்லறையில் அந்தப் பெயர் போட்ட ஏழு கல்லையும்
படம் எடுத்துக்கொண்டாள்,
ஒரு கண்ணாடி வாத்து வாங்கினாள், போய்விட்டாள்.

லிடியா வந்தது நவம்பரில்.
கையுறை கழற்றாமல் உட்கார்ந்தாள்.
அவள் முன்னோர், பேரரசி நிலம் தருகிறாள் என்று
வோல்காக் கரைக்குப் போனவர்கள்.
நாற்பத்தொன்றில் ரயிலில் ஏற்றிக்
கரகண்டாவில் இறக்கினார்கள்.
சுரங்கத்தில் அப்பா செத்தபோது
கல்லும் இல்லை, உளியும் இல்லை.
ஒரு பலகை. அதில் அம்மா
அடுப்புக்கரியால் பெயர் எழுதினாள்.
"ஏப்ரலில் பனி உருகி
அதைக் குடித்துவிட்டது" என்றாள்.
குரல் நீறு பூத்திருந்தது.

இங்கே திரும்பிய பிறகு
அலுவலகத்தில் ஓர் 'ன்' விட்டுப்போயிற்று.
உச்சரிப்பு மாறாதே அம்மா, என்றாராம் அலுவலர்.
மூன்று வருடம் அடையாள அட்டையைப் பார்க்கும்போதெல்லாம்
அம்மா அந்த இடத்தை நகத்தால் சுரண்டுவாளாம்.
இப்போது அம்மாவுக்குத்தான் கல்.

"எந்த எழுத்தில்?" என்று கேட்டேன்.
"ரஷ்ய எழுத்தில்.
அப்பாவின் பலகையில் இருந்தது போல.
இரண்டு 'ன்'னும் வேண்டும்."

நான் அந்த எழுத்துகளை வெட்டியதே இல்லை.
மூன்று நாள் தாளில் வரைந்து பழகினேன்.
எங்களுக்கு 'ஷ்' என்று சொல்ல மூன்று எழுத்து வேண்டும்,
ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்வலம் போல.
அவர்களுக்கு ஒன்றே போதும்:
அடியில் ஒரு கட்டை, மேலே மூன்று கம்பம்.
பனியில் நிற்கும் வேலி மாதிரி.
நடுக்கம்பத்தில் உளி ஒருமுறை வழுக்கியது.
தேய்த்துச் சரிசெய்தேன்; உற்றுப் பார்த்தால் தெரியும்.

வெட்டி முடித்த அன்று வந்தாள்.
பதினொன்று, எண்பத்தெட்டு யூரோ என்று கணக்குச் சொன்னேன்.
முதல்முறையாகக் கையுறையைக் கழற்றி
அந்த வேலியின் மேல் விரல் வைத்தாள்.
வழுக்கிய இடம் தட்டுப்பட்டிருக்கும், சொல்லவில்லை.
"இதை மட்டும் மூன்றாக எண்ணுங்கள்."

எண்ணிப் பார்த்தேன்.
பதின்மூன்று.
நூற்று நான்கு யூரோ, ரொக்கம்.
ரசீது கேட்டாள், எழுதிக் கொடுத்தேன்.